ஐயா சொன்ன லண்டன்

போன இரண்டு வியாழக்கிழமையும் நான் நம் முதியோர் ஒன்றுகூடலுக்கு வந்து, ஒரு பகிடியும் விடாமல், மூலைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனேன். அதைப் பார்த்து, எனக்குச் சீனி ஏறிச் சலரோகம் கூடிவிட்டதென்று ஒரு ஆள் சொன்னாராம். மருமகனோடு சண்டை என்று இன்னொரு ஆள். சலரோகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மருமகனோடு சண்டை பிடித்தாலும் அதற்காக நான் வாயை மூடியதில்லை. இது வேறு கோபம். யார்மேல் காட்டுவதென்று தெரியாத கோபம். அப்படிப்பட்ட கோபம் உள்ளே கிடந்தால் வாயு மாதிரி ஏறி இறங்கும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், நீங்களும் என்னைப் போல மூட்டுத் தைலம் மணக்கிற ஆட்கள்தானே.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் ஆறு மாதமாகக் கேட்கிறா. இதோ எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழையைச் செயலாளர் திருத்தலாம். கதையைத் திருத்தினால் கை உடையும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைக் கைமாற்றிவிட்டுப் போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. எங்கள் ஐயா அந்தத் துறைமுகத்துக் களஞ்சியத்தில் இருபது வருசம் கிளார்க். அவர்கள் போனதோடு ஐயாவின் வேலையும் போனது. ஆனால் காலையில் காக்கிக் காற்சட்டையும் முழங்கால்வரை சொக்சும் போட்டுக்கொண்டு முன்வாசலில் நிற்கிற பழக்கம் போகவில்லை. வெளிக்கிட்ட மனிதர் மாதிரி நிற்பார். எங்கும் போகமாட்டார்.

ஐயாவிடம் மிஞ்சியிருந்தது இங்கிலீசு. எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், யாருக்குத் தந்தி வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டு ஓடிவருவார்கள். ஐயா தந்தியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, முதலில் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். அழுதுகொண்டு வந்திருந்தால் அது சாவு. சிரித்துக்கொண்டு வந்திருந்தால் பிள்ளைப்பேறு. இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு ஐயா பேசாத இங்கிலீசு உலகத்தில் இல்லை. அவர் பேசியதெல்லாம் களஞ்சியத்து இங்கிலீசு. யெஸ் சார், டுமாரோ சார், அவுட் ஒஃப் ஸ்டொக் சார். இந்த மூன்றையும் வைத்து இருபது வருசம் ஓட்டியிருக்கிறார். நான் இங்கே மொன்றியலில் போன்ஷூர், மெர்சி என்று இரண்டு பிரெஞ்சுச் சொல்லை வைத்து முப்பது வருசம் ஓட்டுகிறேன். பரம்பரைக் குணம்.

அக்காவுக்குப் பத்தொன்பது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்தவள். உலகச் சண்டை முடிந்து பத்து வருசத்துக்கு மேலாகியும் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் காணாது, தாதிப் படிப்புக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். தடித்த உறையில் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, கப்பலும் ஒழுங்கு, ஆனால் இருபத்தொரு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றபடியால் தகப்பன் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த ஒரு கையெழுத்துத்தான் குறை.

ஐயா கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

“இருவது வருசம் வெள்ளைக்காரனோட வேலை செய்தனான். அவன் இஞ்ச எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். அங்க எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார்.

“போய்ப் பாத்தால்தானே தெரியும்,” என்றாள் அக்கா.

“நீ போய்ப் பாத்து எனக்குச் சொல்லுறதோ? நான் பாத்து உனக்குச் சொல்லவேணும். அதுதான் ஒழுங்கு.”

ஐயா எப்படி லண்டனைப் பார்ப்பார் என்று அம்மா அடுப்படியில் சிரித்தா. அடுத்த கிழமை லண்டனே எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து மஞ்சள் நோட்டீசு எறிந்தது. லண்டன் நகரத்து வாலிபரின் ஆடல் பாடல் நிறைந்த காதல் சித்திரம். ஐயா ஒரு நோட்டீசைப் பொறுக்கி, கடிதத்தோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நல்லதாப் போச்சு. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போவம். கண்ணால பாத்திட்டுக் கையெழுத்து வைக்கிறன்.”

ஒரு நகரத்தை ஒரு படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். மொன்றியலுக்கு வருமுன் நீங்கள் கனடாவை எதைப் பார்த்துத் தீர்மானித்தீர்கள்? நான் பார்த்தது என் மூத்தவன் அனுப்பிய ஒரு போட்டோ. அதில் அவன் பின்னால் நின்ற கார் பக்கத்து வீட்டுக்காரனுடையது.

அந்தத் தியேட்டருக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் படம் ஊமை. பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் தோளளவு பலகை பிரித்திருக்கும். உள்ளே பீடிப்புகை, தோடம்பழத்தோல், வறுத்த கடலை, நனைந்த கோணி எல்லாம் சேர்ந்த ஒரு மணம். வாங்குப் பலகையில் மூட்டைப்பூச்சி. ஆங்கிலப் படம் என்றால் சனம் ஒரு கூட்டமாக, கதை சொல்லத் தெரிந்த ஒரு ஆளைச் சுற்றித்தான் இருக்கும். அவர் சொல்லச்சொல்ல மற்றவர்கள் பார்ப்பார்கள். ஐயா கதை சொல்லப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஒழுங்கைப் பெண்கள் ஆறு பேர் எங்களோடு வந்துவிட்டார்கள். முதலாளி ஒரு மடக்குக் கதிரையைப் பலகையின் இடைவெளியில் போட்டுக்கொடுத்தார். ஐயா பாதி ஆண்கள் பக்கத்திலும் பாதி பெண்கள் பக்கத்திலுமாக, நீதவான் மாதிரி இருந்தார். அம்மா, எங்கள் வீட்டோடு இருந்த பெரியம்மா, நான். அக்கா வாங்கின் அந்தக் கடைசித் தொங்கலில்.

படம் தொடங்கியது. குண்டு விழுந்து இடிந்த வீடுகள். இடிந்த மதிலில் ஏறி இருந்து பெடியன்களும் பெட்டைகளும் பாடினார்கள்.

“தாய் தேப்பன் இல்லாத பிள்ளையள்,” என்றார் ஐயா. “குண்டில செத்துப்போச்சினம். பாட்டுப் பாடிப் பிச்சை எடுக்கினம்.”

“ஐயோ பாவம்,” என்று பெண்கள் பக்கம் முழுக்க உச்சுக் கொட்டியது. அந்தப் பிள்ளைகளின் காலில் இருந்த சப்பாத்து எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் இல்லாத சப்பாத்து. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

படத்தின் கதாநாயகன் ஒரு மரப்பெட்டியில் தடி நட்டு, தடியிலிருந்து கயிறு கட்டி, அதை இழுத்து இழுத்துத் தும்-தும் என்று வாசித்தான்.

“அது என்ன பெட்டி?” என்று பெரியம்மா கேட்டா.

“தேயிலைப் பெட்டி. எங்கட நாட்டிலயிருந்து போனது. அங்க பாருங்கோ, பெட்டியில எழுதிக் கிடக்கு.”

உண்மையில் எழுதித்தான் இருந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு ஐயா சொன்னதில் அது ஒன்றுதான் சரி என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

பிறகு நிலத்துக்குக் கீழே ஒரு கோப்பிக் கடை. எல்லாரும் கோப்பி குடித்தார்கள், குடித்துவிட்டு ஆடினார்கள். பெட்டைகளின் பாவாடை குடை மாதிரி விரிந்து சுற்றியது. அப்படி ஒரு ஆட்டத்தை நாங்கள் கோயில் திருவிழாவில் சாமி வந்தவர்களிடம்தான் பார்த்திருக்கிறோம்.

“கோப்பிக்குள்ள என்னவோ கலக்கிறாங்கள்,” என்றார் ஐயா. “குடிச்சாப்பிறகு கால் தன்ர பாட்டில ஆடும்.”

“பொம்பிளைப் பிள்ளையளுக்குமோ?”

“பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் கூட.”

பெரியம்மா அதன்பிறகு சாகும்வரை கடைக்கோப்பி குடிக்கவில்லை. இது பகிடி இல்லை.

ஒரு தொப்பிக் கடையில் வேலை செய்கிற பெட்டை வந்தாள். அவளும் பெட்டி வாசிக்கிறவனும் வீட்டுக் கூரையில் ஏறி இருந்து மெதுவாகப் பாடினார்கள். அவள் அவனுக்கு என்ன முறை என்று அம்மா கேட்டா. ஐயா கொஞ்சம் யோசித்தார். “ஒண்டுவிட்ட தங்கச்சி. புத்தி சொல்லுறான்.” சொல்லி வாய் மூடவில்லை, திரையில் அவன் அவளுக்கு உதட்டில் கொஞ்சினான். தியேட்டர் முழுக்க விசில். ஐயா இருமினார். “லண்டனில புத்தி சொல்லி முடிச்சால் அப்பிடித்தான் செய்வினம்,” என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினா. அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த லேஞ்சித் துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், படத்தை அல்ல.

போகப்போக ஐயாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. சுருட்டுப் பிடிக்கிற தடித்த மனிதன் ஒருவன் வந்து பெட்டி வாசிக்கிறவனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினான். அவன் கையெழுத்து வைத்தான். “துலைஞ்சான்,” என்றார் ஐயா. “ஒரு எழுத்தும் வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டான். இனி அவன்ர குரலும் அவனுக்குச் சொந்தமில்லை.” அடுத்த காட்சியில் புகைவண்டி நிலையம். தொப்பிக் கடைப் பெட்டை ஒரு சின்னப் பெட்டியோடு நிற்கிறாள். தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி என்னவோ சொல்லி அழுகிறாள். ஐயாவின் குரல் இறங்கியது. “இனி என்ர வாசல்படி மிதியாதை எண்டு சொல்லுறாள். நீ எனக்குப் பிள்ளையில்லை எண்டு சொல்லுறாள். பெத்த தாய், வேற என்ன செய்வாள்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்கள் பக்கம் முழுக்கச் சேலைத்தலைப்பு மூக்குக்குப் போனது. கடைசியில் அந்தப் பெட்டை ஒரு கடை வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றாள். “பாத்தியளோ, கடைசியில கூட்டிற வேலை,” என்று ஐயா முடித்தார்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஐயாவின் கையைப் பிடித்தார்கள். கச்சேரி முடித்த வித்துவான் மாதிரி நின்றார். கடற்படை போன பிறகு அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அன்று இராச்சாப்பாட்டுக்கு இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

இனி வருவது என் பங்கு.

அடுத்த நாள் அம்மா சேலைக்கு வைத்திருந்த கஞ்சியில் என் பாவாடையைத் தோய்த்து, மதிலில் காயப்போட்டு, மட்டை மாதிரி விறைத்ததும் கட்டிக்கொண்டேன். முற்றத்தில் நின்று, வாயால் தும்-தும் போட்டு, கோப்பிக் கடை ஆட்டம் ஆடினேன். பாவாடை குடையாக விரியவில்லை, கதவு மாதிரி அப்படியே நின்றது. நான் மட்டும் உள்ளே சுற்றினேன். பெரியம்மா கிணற்றடியிலிருந்து பார்த்துவிட்டு, எனக்கு யாரோ கோப்பி தந்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டா. ஐயா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை.

“ஒரு படம் பாத்ததுக்கே வீட்டுக்குள்ள இப்பிடி,” என்றார். “அங்க போனால்?”

உள்ளே போய்க் கடிதத்தை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கப்பல் அக்கா இல்லாமல் போனது. அடுத்த வருசம் அக்காவுக்குக் கலியாணம். அத்தான் நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர் என்றதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பிள்ளைகள், சண்டை, இடம்பெயர்வு, அத்தானின் சாவு, கடைசியில் மகன் கூப்பிட்டு இங்கே வந்தாள். வந்து பத்து வருசம் ஒரு முதியோர் விடுதியின் நிலக்கீழ் அறையில் கட்டில் விரிப்பு மடித்தாள். மேல்மாடியில் தாதிமார் வெள்ளைச் சப்பாத்தோடு நடக்கிற சத்தம் கேட்கும் என்று ஒருமுறை சொன்னாள். அதைச் சொன்னபோது என் வயிற்றுக்குள் அந்தக் கஞ்சிப் பாவாடை விறைத்து நின்றது. நான் ஆடாமல் இருந்திருந்தால் இவளும் மேல்மாடியில் நடந்திருப்பாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் இவ்வளவு பகிடி விடுகிறதே இதை மறைக்கத்தான் என்று சில நாட்களில் நினைப்பேன். மற்ற நாட்களில், எனக்குப் பகிடி விட விருப்பம், அவ்வளவுதான்.

என் பேத்தி யூனிவர்சிட்டியில் படம் பார்ப்பதைப் படிக்கிறாள். ஓம், அதுவும் ஒரு படிப்பாம். போன மாதம் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிவந்த பயற்றங்காயை நான் முறித்துக்கொண்டிருக்க, அவள் உலகச் சண்டைக்குப் பிறகான இங்கிலாந்துப் படங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று அலுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு படம் தெரியும் என்று தேயிலைப் பெட்டி, தொப்பிக் கடை, கோப்பி எல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மூன்றாம் நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பயற்றங்காய்த் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இடிந்த மதில். சப்பாத்துகள். அதே பாட்டு. அடியில் பிரெஞ்சில் எழுத்து ஓடியது.

“இது தாய் தேப்பன் இல்லாத பிள்ளையள்,” என்று நான் விளங்கப்படுத்தினேன். “பிச்சை எடுக்கினம்.”

“மே நோன், இல்லை அம்மம்மா. அவையள் வேலை முடிஞ்சு வந்து சும்மா இருக்கினம். சம்பள நாள்.”

“கோப்பிக்குள்ள மருந்து.”

“மே நோன். அது கோப்பி மட்டும்தான்.”

தடித்த மனிதன் தாளை நீட்டினான். அவன் கூடாதவன்தானாம். ஆனால் தொப்பிக் கடைப் பெட்டை முதல் நாளே பெட்டி வாசிக்கிறவனிடம், வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வை என்று சொல்லியிருக்கிறாளாம். அவன் வாசித்துத்தான் வைத்தானாம். புகைவண்டி நிலையம் வந்தது. தாய் மகளைப் பிடித்து உலுக்கினாள். நான் பயற்றங்காயைக் கீழே வைத்தேன்.

“இது என்ன சொல்லுறாள், வடிவாக் கேட்டுச் சொல்லு.”

பேத்தி திருப்பிப் போட்டுக் கேட்டாள். அவளுடைய தமிழுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. “போ எண்டு சொல்லுறா. எனக்கு ஒருத்தரும் போ எண்டு சொல்லேல்ல, நான் உனக்குச் சொல்லுறன், போ. திரும்பிப் பாக்காத. அதுதான் அம்மம்மா. திட்டேல்ல.”

கடைசியில் அவள் கூட்டுகிற கடை அவளுடைய சொந்தக் கடையாம். வாசலுக்கு மேலே அவள் பெயர் எழுதியிருக்கிறது. ஐயா தேயிலைப் பெட்டியில் இருந்ததை வாசித்தவர், இதை வாசிக்கவில்லை.

ஒரு மனிதர் மூன்றே மூன்று இங்கிலீசு வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் சீவியத்தை மாற்றிவிட்டார், நான் பக்கத்தில் இருந்து கடலை கொறித்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லவேண்டும் என்று நின்றேன். மகள் வேண்டாம் என்றாள், அவளுக்கு அக்கா பெரியம்மா. “பெரியம்மாக்கு எண்பத்தஞ்சு வயசு. இப்ப போய்க் கிளறி என்னத்தைக் காணப்போறீங்கள்?” மருமகன் கார் தரமாட்டேன் என்றார், அதாவது கராஜில் விட்டிருக்கிறேன் என்றார். சரி என்று பேத்தியின் மடிக்கணினியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நானே வெளிக்கிட்டேன். மெட்ரோ, ஒரு பஸ், இன்னொரு பஸ். அக்கா இருக்கிற இல்-பிசார் தீவுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்காதீர்கள். அந்தத் தீவில் பஸ்ஸைப் பார்த்தால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். கரைந்த பனிச்சேற்றில் கால் நனைந்து, பெரிய பெரிய வீடுகளைக் கடந்து நடந்தேன். ஒரு மனித சீவன் இல்லை. ஒரு நாய் மட்டும் பிரெஞ்சில் குரைத்தது.

அக்கா தனியே இருந்தாள். மகனும் மருமகளும் வேலைக்கு. படத்தைப் போட்டேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். நான் ஐயாவின் பிழைகளை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தேன். பிச்சைக்காரர் இல்லை அக்கா. கோப்பியில் மருந்து இல்லை அக்கா. அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். புகைவண்டி நிலையத்தில் நிறுத்திச் சொன்னேன்.

“அந்தத் தாய் போ எண்டெல்லோ சொல்லியிருக்கிறாள்.”

“ஓம்,” என்றாள் அக்கா. “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, நான் உனக்குச் சொல்லுறன் எண்டு சொன்னவள். திரும்பிப் பாக்காத எண்டும் சொன்னவள்.”

நான் அவளைப் பார்த்தேன்.

“என்னடி பாக்கிறாய்? நாலு பக்க விண்ணப்பத்தை இங்கிலீசில எழுதினது ஆர், ஐயாவோ?”

அறுபத்தைந்து வருசம். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, இது என் மண்டையில் ஏறவில்லை. ஐயாவின் இங்கிலீசு எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிதாக நின்றது, அதற்குப் பின்னால் இருந்த அக்காவின் இங்கிலீசு எனக்குத் தெரியவேயில்லை.

“அப்ப அண்டைக்கே விளங்கினதோ?”

“ஒரு சொல்லு விடாமல்.”

“பேந்து ஏன் வாயைத் திறக்கேல்ல?”

“எப்பிடித் திறக்கிறது? ஆறு பொம்பிளையள். மற்றப் பக்கத்தில அவ்வளவு ஆம்பிளையள். ஐயா பிழை எண்டு நான் எழும்பி நிண்டு சொல்லுறதோ? அவருக்கு வேலையும் போய், அது ஒண்டுதானே மிச்சம்.” அக்கா கதிரையை என் பக்கம் திருப்பினாள். “அதோட, நான் ஒரு கணக்குப் போட்டன். மனிசன் நல்லாச் சொல்லட்டும். சனம் கை தட்டட்டும். சந்தோசமா வீட்ட வந்தால் அந்தச் சந்தோசத்தில கையெழுத்து வைச்சிடுவார் எண்டு நினைச்சன். நிலையத்தில அவர் கண்ணாடியைத் துடைக்கேக்கதான் எனக்குப் பயம் பிடிச்சது. தான் சொன்ன கதையைத் தானே நம்பிப்போட்டார்.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. “நான் என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறன் தெரியுமோ? நான் ஆடினதாலதான் உன்ர பயணம் நிண்டது எண்டு. இவ்வளவு காலமும்.”

“என்ன ஆட்டம்?”

“கஞ்சிப் பாவாடை. முற்றத்தில. ஐயா பாத்தாரே.”

அக்கா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லை. நீ எந்த நாளும்தானே ஆடுவாய்.”

பாருங்கள், என் வயதுக்காரரே. நான் அறுபத்தைந்து வருசம் சுமந்த பாவத்தில் எனக்குப் பங்கே இல்லையாம். மூன்று பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு சண்டைக்கும் நடுவில் பத்திரமாகக் காவிக்கொண்டு வந்த சாமானை, உரியவள் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்கிறாள்.

“உனக்குக் கோவம் வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“வந்தது. அவர்மேல வந்தது, என்மேல வந்தது. ஒரு நாளும் ரெண்டுபேருக்கும் சரியாப் பங்கு பிரிக்க ஏலாமல் போச்சு.” திரையில் அந்தத் தாயின் கை மகளின் தோளில் அப்படியே நின்றது. “காலமை எழும்பி ஐயாவின்ர பேனைக்கு மை அடிச்சு மேசையில வைப்பன். பின்னேரம் பாத்தால் மை அப்பிடியே கிடக்கும். காஞ்சுபோகும் எண்டு கழுவிப்போட்டுத் திரும்ப அடிப்பன்.”

“எத்தினை நாள்?”

“கப்பல் போகும்வரைக்கும். போனாப்பிறகும் ரெண்டு நாள் அடிச்சனான். கை பழகிப்போச்சு.”

அவள் என்னைப் பார்த்து, பஸ் போய்விடும், வெளிக்கிடு என்றாள். நான் வெளிக்கிட்டேன். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணித்தியாலம் காற்றில் நின்றேன். ஐயாவைத் திட்டிப் பார்த்தேன், அவர் கண்ணாடியைத் துடைக்கிறார். அக்காவைத் திட்டிப் பார்த்தேன், அவள் மை அடிக்கிறாள். கடைசியில் பஸ் சாரதியைத் திட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, போன்ஷூர் மதாம் என்றார்.

இதுதான் என் முகம் தொங்கிப்போனதற்குக் காரணம். அடுத்த வியாழக்கிழமை அக்காவை இங்கே கூட்டிவருவதாக இருக்கிறேன். அவளுடைய மகன் காரில் கொண்டுவந்து விடுவான், நான் சண்டை பிடித்து ஒழுங்கு செய்துவிட்டேன். நல்ல மரியாதையாக வரவேற்று, ஜன்னல் பக்கம் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள். ஒரு விசயம் மட்டும். நம் சங்கத் தலைவர் இங்கிலீசில் வருகிற அரசாங்கக் கடிதங்களை வாசித்து நமக்குத் தமிழில் கருத்துச் சொல்லுகிற நேரத்தில் அவளை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிடாதீர்கள். இந்தமுறை அவள் லேஞ்சியைக் கடித்துக்கொண்டு இருக்கமாட்டாள்.